கத்திரி வெயிலிலும் மாடியில் அரைக்கீரை

சித்திரை பிறந்ததும் பலர் மாடித்தோட்டத்தை மூட்டை கட்டிவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. பாலக்கும் கொத்தமல்லியும் இந்த வெயிலில் சீக்கிரம் பூத்து வீணாகிவிடும்தான். ஆனால் அரைக்கீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, கொடிப்பசலை எல்லாம் சூட்டைத் தாங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அரைக்கீரையைத்தான் சொல்வேன். ஒருமுறை விதைத்தால் பலமுறை அறுக்கலாம்.

முதலில் பை. முக்கால் அடி ஆழம் போதும். அகலம் எவ்வளவு இருந்தாலும் நல்லது. அடியில் ஓட்டை இருக்க வேண்டும். செம்மண், மக்கிய சாணி எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணி வேரைக் கருக்கிவிடும்.

விதை கடுகைவிடச் சிறியது. ஒரு சிட்டிகை எடுத்து நான்கு பங்கு மணலோடு கலந்து பரவலாகத் தூவுங்கள். மேலே மண் மெலிதாக மூடினால் போதும், ஆழத்தில் போனால் முளைக்காது. எறும்பு விதையைத் தூக்கிப் போய்விடும் என்பதால் ஓரத்தைச் சுற்றி மஞ்சள்தூள் தூவிவிடுவேன்.

அடுத்த ஐந்து நாள்தான் முக்கியம். என் முதல் கோடையில் இரண்டு பை முளைக்கவே இல்லை. விதை சரியில்லை என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, மாடி வெயிலில் பதினொரு மணிக்கெல்லாம் மேல்மண் காய்ந்துவிடுகிறது. வளர்ந்த கீரை வெயிலைத் தாங்கும். முளைவிடும் விதை தாங்காது. அதனால் ஈரச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வெளுத்து நெட்டையாகிவிடும்.

பத்து, பன்னிரண்டு நாளில் நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்குங்கள். பிடுங்கியதையும் பருப்போடு கடையலாம். இனி காலையில், வேர்ப்பக்கம் தண்ணீர். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் உச்சிவேளைக்குப் பழைய பருத்திப் புடவையை மேலே கட்டுங்கள். நாள் முழுக்க நிழல் வேண்டாம்.

இலைக்கு அடியில் புழு இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்; கையாலேயே எடுத்துவிடலாம். மீறினால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். அப்புறம் ஒரு வாரம் அறுக்காதீர்கள்.

25 முதல் 30 நாளில் அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள். ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் பக்கத்தில் துளிர் வெடிக்கும். இரண்டு செடிகளை மட்டும் அறுக்காமல் விட்டுவையுங்கள். அவை கதிர்விட்டுக் காய்ந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் அடுத்த பைக்கான கறுப்பு விதை கிடைக்கும்.