தென்னையைத் தாக்கும் இரண்டு வண்டுகள்: பிரித்தறியும் முறை

தென்னை வைத்திருக்கும் புதியவர்கள் பலரும் காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் ஒன்றாகவே எண்ணி ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். இரண்டுக்கும் வீடும் வேறு, சாப்பாடும் வேறு. அது தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பது புரியும்.

1. வண்டைப் பாருங்கள்
தலையில் கொம்போடு தடித்துக் கருத்திருந்தால் காண்டாமிருக வண்டு. செம்பழுப்பு நிறமும் முன்னால் நீண்டு வளைந்த மூக்கும் இருந்தால் கூன்வண்டு.

2. மரத்தைப் பாருங்கள்
விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டுகள் தெரிகின்றனவா? விரியாத குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்ததன் அடையாளம் அது. தண்டில் ஓட்டை, அதிலிருந்து வழியும் செம்பழுப்புச் சாறு, வெளியே தள்ளிய நார்ச்சக்கை என்றால் உள்ளே கூன்வண்டின் புழு இருக்கிறது. தண்டில் காதை வைத்தால் சில நேரம் அது மெல்லும் சத்தமே கேட்கும்.

3. புழுவைத் தேடுங்கள்
இதுதான் முக்கியமான படி. எருக்குழியை மண்வெட்டியால் ஓரடி கிளறுங்கள். பிறைபோல் சுருண்ட, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழு கிடைத்தால் உள்ளங்கையில் வைத்துக் கால்களை எண்ணுங்கள். ஆறு கால்கள் இருக்கும். காண்டாமிருக வண்டின் இளம்பருவம் இது. மட்கிய எருவும் உளுத்த மரமும்தான் இதற்கு உணவு. பச்சை மரத்தை இது தொடுவதில்லை. வளர்ந்து வண்டான பிறகே குருத்துக்குப் பறக்கிறது.

கூன்வண்டின் புழுவுக்குக் கால்களே கிடையாது. நடுவில் பருத்த உடலோடு உயிருள்ள தண்டுக்குள் கிடந்து அதையே தின்கிறது. அங்கேயே நாரால் கூடு சுற்றிக் கூட்டுப்புழுவாகிறது. தொடக்கத்தில் வெளியிலிருந்து பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருக்கும். கொண்டை சாய்ந்த பிறகு ஓடி வந்து பயனில்லை. அதனால்தான் இரண்டில் இதற்கு நான் அதிகம் அஞ்சுகிறேன்.

4. இடத்துக்கேற்பச் செயல்படுங்கள்
காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் இடுங்கள். பட்டுப்போன மரங்களைத் தோப்பில் விட்டுவைக்காதீர்கள். குருத்து ஓட்டையில் இருக்கும் வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்குகளில் போடுங்கள்.

காண்டாமிருக வண்டு போட்ட காயத்திலும் கூன்வண்டு வந்து முட்டையிடும். ஆகவே முதல் வண்டை அடக்கினால் இரண்டாவதற்கும் வழி குறையும். தண்டில் காயம் படாமல் பாருங்கள். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால், தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.