அயல்நாட்டு லொறிகளை நம் வீதிகளில் ஓடவிடுவதற்கு ஆட்சேபம் எழுதும் முறை

இந்தியாவுடனான தரைவழி இணைப்பின் சாத்தியத்தை ஆராய்வது பற்றி இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் 2023 யூலையில் கூட்டாக அறிவித்தன. அப்பாதை அமைந்து மன்னாரை வந்தடையும் சரக்கு, ஏ14 வீதியால் மதவாச்சிக்கும் ஏ32 வீதியால் பூநகரி தாண்டி யாழ்ப்பாணத்துக்கும் போகக்கூடும். அதை அங்கிருந்து அயல்நாட்டுச் சாரதியே ஓட்டிச் செல்வதா, மன்னாரிலேயே நமது லொறிகளுக்கு மாற்றுவதா என்பதுதான் வன்னிச் சாரதிகளின் பிழைப்பைத் தொடும் கேள்வி. ஆட்சேப மனுவின் முதற் பந்தியிலேயே, சரக்கை மன்னாரில் மாற்ற வேண்டும் என்று கோருங்கள்.

"ஒருவரையும் விடக்கூடாது" என்று மட்டும் எழுதாதீர்கள். வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கையின்படி மெக்சிக்கோ லொறிகளுக்கு 1995 டிசம்பரில் எல்லை மாநிலங்களைத் திறந்திருக்க வேண்டிய அமெரிக்கா, லொறிச் சாரதிகளின் தொழிற்சங்கம் கடுமையாக எதிர்த்த நிலையில் அதை நிறுத்திவைத்தது; ஆனால் 2001இல் நடுவர் குழு, ஒட்டுமொத்தத் தடை உடன்படிக்கைக்கு முரணானது என்றும், பாதுகாப்பு நிபந்தனைகளை விதிக்கும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே மாற்றுக் கோரிக்கையாக நிபந்தனைகளையும் எழுதுங்கள்: தொடர்ந்து ஓட்டக்கூடிய மணித்தியாலங்களுக்கு வரம்பு, பிரேக், டயர் பரிசோதனை, விபத்து நடந்தால் இங்கேயே இழப்பீடு பெறக்கூடிய காப்புறுதி, இங்கு சரிபார்க்கக்கூடிய சாரதி அனுமதிப்பத்திரம்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் நம் வீதியிலிருந்தே காரணம் காட்டுங்கள். இரவில் தாரில் படுத்திருக்கும் மாடுகள், அறுவடைக் காலத்தில் வெளிச்சமின்றி வரும் நெல் உழவு இயந்திரங்கள், வீதியோரத்தில் காயப்போட்ட நெல், புகையிரதக் கடவைகள் ஆகியவற்றை இடம், நேரம் குறித்துப் படத்துடன் இணையுங்கள். மொழியைக் காரணமாக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வரும் சாரதி நம் மொழியே பேசுவார். அவரை இழித்து ஒரு சொல்லும் எழுதக்கூடாது, ஏனெனில் அவரும் நம்மைப் போலக் கூலிக்கு ஓட்டுபவர். இரு நாடுகளிலும் இடப்பக்கமே ஓட்டுவதால், வீதியில் பக்கம் மாறி ஓட்டுவார்கள் என்ற வாதமும் நிற்காது.

எழுதத் தொடங்குமுன், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திட்டத்தின் நிலையைப் போக்குவரத்து அமைச்சிடம் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மனுவை அமைச்சுக்கும், மாவட்டச் செயலகத்துக்கும், உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், அங்குள்ளவர்கள் வன்னி உறுப்பினரோடு யாழ்ப்பாண உறுப்பினரையும் அணுக வேண்டும். கையளிக்கும் ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை இடுவித்து வாங்கிக்கொள்ளுங்கள்.