கிரிப்பரை அமுக்குவதற்கு முன், அது கையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவந்தால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் விரல்கள் தானாகப் பிரிந்துவிடும். காலும் முதுகும் தாங்கும், விரல்தான் கைவிடும். ஜிம்மில் டெட்லிஃப்டிலும் (தரையில் கிடக்கும் பளுவை நின்றபடி தூக்கும் பயிற்சி) இதே கதை. விரல்பிடியைக் கூட்ட, கிரிப்பரோடு (ஸ்பிரிங் இணைத்த இரண்டு பிடிகளைக் கையால் அமுக்கி மூடும் கருவி) ஆறேழு மாதம் தப்பும் தவறுமாகப் பழகி ஒரு வழிக்கு வந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று செய்யுங்கள். இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, பிடித்துக்கொண்டு வலது கையை இறுக்கி மூடுங்கள். தோலுக்கடியில் புரளுகிறதே, அந்தத் தசைதான் விரலை மடக்குகிறது. விரலுக்குள் தசை கிடையாது, தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற தசைநார் மட்டும்தான். இப்போது மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க மடக்கிக்கொண்டு மூடிப் பாருங்கள். பிடி பாதியாகிவிடும். ஆகவே கிரிப்பரை அமுக்கும்போதெல்லாம் மணிக்கட்டு நேராக, அல்லது துளி பின்பக்கம் சாய்ந்து இருக்க வேண்டும்.

எந்தக் கிரிப்பர்?

திருகு வைத்துக் கிலோவைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் கிரிப்பர் எனக்குப் பிடிக்காது. நான் வாங்கியதில் இரண்டே மாதத்தில் திருகு வழுக்க ஆரம்பித்தது. ஸ்டீல் ஸ்பிரிங், அலுமினியப் பிடி உள்ளதை வாங்குங்கள். அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் கிரிப்பர் வரிசையில், மூடத் தேவையான பலம் ஸ்போர்ட்டுக்கு 80 பவுண்டு, ட்ரெய்னர் 100, நம்பர் 1 என்பது 140, நம்பர் 2 என்பது 195, நம்பர் 3 என்பது 280. நம்பர் 3-ஐ முறைப்படி மூடிக் காட்டுபவர்களுக்கு அந்த நிறுவனமே சான்று தருகிறது. நான் வீறாப்பாக நேரே நம்பர் 1 வாங்கினேன். மூன்று வாரம் அது மேசையில் பேப்பர் வெயிட்டாகக் கிடந்தது. தொடங்குபவர்கள் ஸ்போர்ட் அல்லது ட்ரெய்னரோடு நில்லுங்கள். இன்னொன்று: ஒரு கம்பெனியின் 100 பவுண்டும் இன்னொன்றின் 100 பவுண்டும் ஒன்றல்ல.

கையில் வைக்கும் விதம்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். கிரிப்பரை உள்ளங்கை நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்படி வைத்தால் சுண்டுவிரல் எட்டாது, மூன்று விரல்தான் வேலை செய்யும்.

ஸ்பிரிங் மேலே இருக்கட்டும். ஒரு பிடியைக் கட்டைவிரல் மேட்டின் மேல் சாய்வாக வையுங்கள், அதன் அடிநுனி உள்ளங்கையை விட்டு வெளியே போகக் கூடாது. இனி மற்றொரு கையால் இரண்டு பிடிகளையும் கொஞ்சம் நெருக்கி, சுண்டுவிரலை மறுபிடியில் கொண்டுபோய் மாட்டுங்கள். நான்கு விரலும் பிடித்த பிறகு மற்றக் கையை எடுத்துவிட்டு மூடுங்கள். பிடிகள் ஒன்றையொன்று தொட்டு 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அந்த எண்ணிக்கை செல்லாது. திறக்கும்போது ஸ்பிரிங்கை அதன்போக்கில் விடாமல் நிதானமாக விடுங்கள்.

8 முதல் 10 தடவை முழுதாக மூட முடிகிற கிரிப்பரில் 3 செட் (சுற்று), வாரம் இரண்டு நாள். டிவி பார்த்துக்கொண்டே தினம் 200 தடவை அமுக்குவது வேண்டாம். தசை வளரும் வேகத்தில் தசைநார் வளராது. எனக்கு முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வலி எடுத்து ஒரு மாதம் சும்மா உட்கார்ந்தது இதனால்தான்.

ரிஸ்ட் ரோலர்

கயிற்றில் எடையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டை முறுக்கிச் சுருட்டி ஏற்றும் கட்டை இது. காசு கொடுத்து வாங்காதீர்கள். இரும்புக் கடையில் மண்வெட்டிக் காம்பு வாங்கி ஒன்றரை அடிக்கு அறுத்துக்கொள்ளுங்கள். பிவிசி குழாய் வியர்வையில் வழுக்கும். நடுவில் ஓட்டை போட்டு நைலான் கயிற்றை அதற்குள் கோத்து முடிச்சிடுங்கள். நான் ஓட்டை போடாமல் சுற்றிக் கட்டினேன். கட்டை சுற்றியது, கயிறு அப்படியே நின்றது. மறுநுனியில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும்.

இரண்டு கையும் மேலிருந்து பிடிக்க வேண்டும். பைக் ஆக்சிலேட்டர் முறுக்குவதுபோல் ஒவ்வொரு கையாக மாற்றி மாற்றி முறுக்கினால் கயிறு உங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஏறும்; வேலை முன்கையின் மேல்பக்கத்துக்கு. எதிர்த்திசையில் முறுக்கினால் உள்பக்கத்துக்கு. கிரிப்பர் உள்பக்கத்தை மட்டுமே பார்ப்பதால் நான் ஆக்சிலேட்டர் திசைக்கே அதிக நேரம் தருகிறேன். ஏற்றியதை அதே நிதானத்தில் இறக்கவும். ஏறி இறங்குவது ஒரு தடவை, அப்படி மூன்று. (கர்லாக்கட்டை சுற்றிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். அவர்கள் முன்கையைப் பார்த்திருக்கிறேன்.)

பின்சேர்க்கை 1: "ரோலர் சுற்றும்போது முன்கைக்கு முன்னால் தோள் கழன்றுவிடுகிறது" என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கையை முன்னால் நீட்டிப் பிடிப்பதால் அப்படி. முழங்கையை விலாவோடு ஒட்டி, நாற்காலி மேலோ படிக்கட்டிலோ ஏறி நின்று செய்யுங்கள். கயிறு தொங்க இடம் கிடைக்கும், தோளும் தப்பிக்கும்.

பின்சேர்க்கை 2: விரலை விரிக்கும் தசைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு: ஐந்து விரல் நுனியையும் சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டி 20 தடவை விரியுங்கள். வாளி நிறைய அரிசியில் கையைப் புதைத்து விரிப்பது இன்னும் நல்லது. நான் ரேஷன் அரிசி 10 கிலோ எடுத்தேன். "அதுல கைய விட்டு என்னடா பிசையற?" என்று அம்மா கேட்டதோடு அந்த அரிசி சமையலறைக்குத் திரும்பவில்லை.