வௌவால் பாதுகாப்பில் கூட்டுப்பணி: எங்கே தவறுகிறோம்?

இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள மேகமலையில் 1948-இல் பிடிக்கப்பட்ட ஒரு வௌவால், குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்ற தவறான பெயர்ச்சீட்டுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்து, அது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே (நெருங்கிய இனங்களை உள்ளடக்கும் தொகுதி) என்று கண்டு, 1972-இல் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். பெயரில்தான் பிழை இருந்தது. உடலும் பிடிபட்ட இடமும் ஆண்டும் பத்திரமாக இருந்ததால், இன்னொரு நாட்டிலிருந்து வந்தவரால் அதைத் திருத்த முடிந்தது. நாட்டு எல்லைகளைத் தாண்டிச் சேர்ந்து வேலை செய்யும் இன்றைய ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான தவற்றைச் செய்கிறார்கள்: பெயரை எழுதிவைத்துவிட்டுச் சான்றைத் தொலைத்துவிடுகிறார்கள்.

பழைய மண்டபம் ஒன்றில் தொங்கும் சிறிய வௌவாலைப் பார்த்த தன்னார்வலர், படநூலில் அதைப் போலத் தோன்றும் ஓர் இனத்தின் பெயரைப் படிவத்தில் எழுதி அனுப்புகிறார். அந்தப் பெயர் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிட்டால், அதைச் சரிபார்க்கப் பின்னால் வருபவர்களுக்கு வழியே இல்லை. முகமும் காதும் தெரியும் ஓர் ஒளிப்படம், இடம், நேரம், முடிந்தால் ஒலிப்பதிவு ஆகியவற்றைச் சேர்த்து, உறுதியாகத் தெரிந்த அளவுக்கு மட்டும், அதாவது 'இலைமூக்கு வௌவால் வகை' என்ற அளவோடு, நிறுத்திக்கொள்வது அறியாமை ஆகாது. ஒலியை வைத்து இனத்தைச் சொல்லும் மென்பொருள்களை அப்படியே நம்புவதும் இதே வகைத் தவறுதான். ஒரே இனம் எழுப்பும் மீயொலியின், அதாவது நம் காதுக்கு எட்டாத ஒலியின், அதிர்வெண் இடத்துக்கு இடம் மாறக்கூடும். ஐரோப்பிய வௌவால்களின் ஒலிகளைக் கொண்டு பழக்கப்பட்ட மென்பொருள், நம் ஊர் வௌவாலுக்கும் தனக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றைத் தேடிப் பொருத்திவிடும். அறிவியல் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நம் ஆலமரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலை நெடுங்காலம் 'டெரோபஸ் ஜைகான்டியஸ்' என்று எழுதினார்கள். இப்போது 'டெரோபஸ் மீடியஸ்' என்கிறார்கள். இரண்டு நாடுகளின் பட்டியல்களைக் கவனிக்காமல் இணைத்தால் ஓர் இனம் இரண்டாகிவிடும்.

எண்ணிக்கையில் நேரும் தவறுகள் இதைவிடக் கடுமையானவை. ஒரு குழு பகலில் மரத்தடியில் நின்று கிளை கிளையாக எண்ணுகிறது. இன்னொரு குழு அந்தியில் வெளியேறும் கூட்டத்தை எண்ணுகிறது. இலைமறைவில் இருப்பவை முதல் முறையில் விடுபடும். பறக்காத குட்டிகள் இரண்டாவது முறையில் விடுபடும். முறை எது என்று குறிப்பிடாமல் இரு எண்களையும் ஒரே வரைபடத்தில் வைத்தால், முறையில் இருந்த வேறுபாடு கூட்டத்தின் வீழ்ச்சியாகவோ பெருக்கமாகவோ காட்சியளிக்கும். பழ வரத்தைப் பொறுத்துப் பழந்தின்னி வௌவால்கள் உறைவிடம் மாற்றுவதால், வெவ்வேறு வாரங்களில் எண்ணப்பட்ட இரண்டு ஊர்களின் கணக்கில் ஒரே கூட்டம் இருமுறை வரலாம். நேபாளத்துத் தராய்ச் சமவெளியிலும் அதை ஒட்டிய இந்திய மாவட்டங்களிலும் ஒரே நாள்களில் எண்ணினால்தான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. போன ஆண்டு வௌவால்கள் இருந்த மரம் இந்த ஆண்டு வெறுமையாக இருந்தால், அனுப்ப ஒன்றுமில்லை என்று படிவத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தச் சுழியம்தான் மிகவும் வேண்டிய தகவல். பெரிய பழந்தின்னி வௌவால் பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால், ஒரு கூட்டம் குறைந்தால் மீண்டு வர நெடுங்காலம் ஆகும். குறைவைத் தாமதமாக அறிந்து பயனில்லை.

கைதட்டியோ கல்லெறிந்தோ பறக்கவிட்டுப் படம் எடுப்பது, குட்டி ஈனும் பருவத்தில் குகைக்குள் கூட்டமாக நுழைவது ஆகியவை தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பயிற்சி முகாம் என்ற பெயரில் அவை நடக்கின்றன. வலை விரித்துப் பிடிக்க உரிய அனுமதி, அனுபவம், முன்கூட்டியே போட்டுக்கொண்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆகிய மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் எண்ணும் பணியோடு நின்றுகொள்வதே நல்லது. இருப்பிடத்தின் துல்லியமான ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) பொதுவெளியில் போடுவதும் கூடாது. கர்நாடகத்தின் கோலார் இலைமூக்கு வௌவால் வாழ்வதாக உறுதியாகத் தெரிந்த குகை ஒன்றே ஒன்றுதான். அத்தகைய இடத்துக்கு ஆர்வலர்கள் வரிசையாக வரத் தொடங்கினால் வேட்டைக்காரர் தனியாக வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து திசு மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு நட்பு முறையில் அனுப்பிவிட முடியாது. அதற்கு 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உண்டு, சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிமுறைகள் உண்டு. பழந்தின்னி வௌவால்கள் தீங்குயிர்ப் பட்டியலில், அதாவது கொல்லத் தடையில்லாத விலங்குகளின் பட்டியலில், இருப்பதாகப் பழைய கையேட்டைப் பார்த்து இன்னும் பேசுபவர்களும் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டின் திருத்தம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது.

நோயைப் பற்றிப் பேசும்போதுதான் கூட்டுப்பணி அதிகம் சறுக்குகிறது. 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா நச்சுயிரி நோய் பரவியபின், வௌவால் தங்கும் மரங்களை வெட்டவேண்டும் என்ற குரல் எழுந்தது. அதற்கு மறுமொழியாக, வௌவாலுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று ஆர்வலர் சிலர் சொன்னார்கள். இரண்டுமே தவறு. நிபா நச்சுயிரியைப் பழந்தின்னி வௌவால்கள் இயல்பாகவே தாங்கியிருக்கின்றன. இதை மறைப்பவரின் அடுத்த சொல்லை ஊரார் நம்பமாட்டார்கள். 2020-இல் கொரோனா அச்சத்தால் வௌவால்கள் தாக்கப்பட்டபோது, ஆறு தெற்காசிய நாடுகளைச் சேர்ந்த 64 வௌவால் ஆய்வாளர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். தனித்தனியாகப் பேசியிருந்தால் அது செய்தித்தாள்களில் அவ்வளவு இடம் பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன். வங்கதேசத்தில், ஈச்சமரத்தில் பதநீர் இறக்கும் பானையையும் மரத்தில் சீவிய இடத்தையும் மூங்கில் தட்டியால் மூடி வௌவால் வாய்வைக்காமல் தடுக்கும் எளிய முறை உண்டு. மரமும் வௌவாலும் பிழைத்து, மனிதரும் பிழைக்கிற இத்தகைய வழியை எடுத்துச்சொல்வதை விட்டுவிட்டு, 'அச்சம் வேண்டாம்' என்று மட்டும் அறிவுறுத்துவதில் என்ன பயன்?

தமிழ்நாட்டில் சில ஊர்கள், மரத்தில் தங்கும் வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அத்தகைய ஊரில் ஆண்டுதோறும் எண்ணிக்கொடுப்பவரின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் இல்லை. முடிவுகள் ஆங்கிலத்தில் வெளியாகி ஊர் திரும்புவதும் இல்லை. சில ஆண்டுகளில் அவர் எண்ணுவதை நிறுத்திவிடுகிறார். ஊராட்சி அலுவலகச் சுவரில், இந்த ஆண்டு இத்தனை, போன ஆண்டு இத்தனை என்று தமிழில் ஒரு தாள் ஒட்ட ஆகும் செலவு மிகச் சிறிது. திட்ட வரைவுகளில் அதற்கென ஒரு வரி ஒதுக்கப்பட்டதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.