பழைய புகைபோக்கிக்குள் லைனர் இறக்குவது எப்படி

இங்கிலாந்தில் 1965க்கு முன் கட்டிய வீடு உங்களுடையது என்றால், கணப்புக்கு மேலே போகும் புகைபோக்கிக்குள் பெரும்பாலும் எந்த உள்ளுறையும் இருக்காது. செங்கல்லும் அதன் மேல் ஒரு பூச்சும் மட்டும்தான். அந்தக் காலக் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் மாட்டுச் சாணத்தைக் கலந்து பூசினார்கள். சாணம் மெழுகுவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு இது வியப்பாக இருந்தது. பல தலைமுறை நிலக்கரிப் புகை அரித்து, அந்தப் பூச்சு இப்போது பொடிப்பொடியாக உதிரும். புதிய புகைபோக்கிகளுக்கு உள்ளுறை வேண்டும் என்று விதித்தது 1965ஆம் ஆண்டின் கட்டட விதிமுறைகள்தான்.

திறந்த கணப்பில் எப்போதாவது நான்கு கட்டை எரிப்பவர்கள் இப்படியே காலம் தள்ளிவிடலாம். கதவு வைத்த விறகு ஸ்டவ் வாங்கினால் கதை மாறுகிறது. ஸ்டவ்விலிருந்து வரும் புகை குறைவு; ஆனால் அது ஏறும் பழைய பாதையோ ஒன்பது அங்குலச் சதுரம். அவ்வளவு பெரிய, குளிர்ந்த பாதையில் புகை தயங்கித் தயங்கி ஏறும்போது அதிலுள்ள நீராவியும் தாரும் சுவரில் படிகின்றன. படிந்த தார் என்றாவது ஒரு நாள் தீப்பிடிக்கும். உதிர்ந்த சாந்தின் இடுக்கு வழியாகக் கார்பன் மோனாக்சைடு மாடிப் படுக்கையறைக்கோ அடுத்த வீட்டுக்கோ கசியவும் கூடும். வரிசை வீடுகளில் உங்கள் புகைப்பாதைக்கும் பக்கத்து வீட்டுப் புகைப்பாதைக்கும் நடுவே பல இடங்களில் ஒரே ஒரு செங்கல் கனம்தான் இருக்கிறது.

இதற்குத் தீர்வு, லைனர் என்ற வளையும் எஃகுக் குழாயைப் பழைய பாதைக்குள் உள்ளுறையாக இறக்குவதுதான். எங்கள் விக்டோரியன் வரிசை வீட்டில் 5 கிலோவாட் விறகு ஸ்டவ்வுக்கு லைனர் இறக்கியதை வைத்து இதை எழுதுகிறேன். ஸ்டவ் வைக்கும் மேடை, சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி எல்லாம் ஸ்டவ்வோடு வரும் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை.

முதலில் அனுமதி

விறகு, நிலக்கரி ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் (HETAS) அமைப்பில் பதிவு பெற்ற பணியாளர் செய்தால் அவரே சான்றிதழ் தருவார். நீங்களே செய்வதும் சட்டப்படி சரிதான். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறிவித்து, கட்டணம் கட்டி, ஆய்வாளரை வரவழைக்க வேண்டும். 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று விட்டுவிட்டால், வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார். இங்கிலாந்துக்கான விதிகள் 'அப்ரூவ்டு டாக்குமெண்ட் ஜே' என்ற ஆவணத்தில் உள்ளன. இலவசமாகக் கிடைக்கிறது, படங்களோடு இருப்பதால் படிக்கவும் எளிது.

எந்த லைனர்?

கடைக்காரரிடம் போகும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: என்ன எரிக்கப்போகிறீர்கள்?

உலர்ந்த விறகு மட்டும் என்றால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர் போதும். புகையில்லா நிலக்கரியும் எரிப்பீர்கள், அல்லது இரவில் காற்றுத் துளையை மூடி விடியும்வரை கனன்றுகொண்டே இருக்க விடுவீர்கள் என்றால் 904 வாங்குங்கள். நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகி எஃகை அரிக்கும். 904 கலவை அந்த அமிலத்தைத் தாங்குவதற்கென்றே உருவானது. 316இல் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம். 904இல் 4 முதல் 5 சதவீதம், நிக்கலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கூடவே கொஞ்சம் செம்பு. ரோலெக்ஸ் கைக்கடிகாரங்களின் எஃகும் இந்த வகைதான் என்று விற்பனையாளர்கள் தவறாமல் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் உங்கள் புகைபோக்கியை யாரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளப் போவதில்லை.

என் கருத்து வேறு ஒரு கணக்கில் நிற்கிறது. கூரைக்குச் சாரம் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு தரங்களுக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரிதல்ல. இன்னொரு முறை சாரம் கட்டும் வாய்ப்பைத் தள்ளிப்போட 904 வாங்கினேன். ஒற்றை மாடி வீடு, ஏணி வைத்து எளிதாக எட்டும் கூரை என்றால் 316 வாங்கி மீதிப் பணத்துக்கு நல்ல விறகு வாங்கலாம்.

விட்டத்தில் சிக்கனம் வேண்டாம். லைனர் ஒருபோதும் ஸ்டவ்வின் புகை வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பொது அளவு 150 மில்லிமீட்டர். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் விறகு எரிக்க அனுமதி பெற்ற ஸ்டவ்களுக்கு 125 போதும் என்று விதி இடம் தருகிறது. லண்டனில் பெரும்பகுதி அத்தகைய பகுதிதான் என்பதால் அங்கே வாங்கும் ஸ்டவ் எப்படியும் அந்த அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். இருந்தாலும் பாதை இடம் கொடுத்தால் 150 போடுவதே நல்லது. நாளை வேறு ஸ்டவ் மாற்றும்போது தொல்லை இல்லை.

இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் ஒற்றைத் தோல் லைனரைப் பார்த்து மயங்காதீர்கள். அது எரிவாயுக் கணப்புகளுக்கானது. விறகுப் புகையின் வெப்பத்தையும் தாரையும் தாங்காது. விறகுக்கு இரட்டைத் தோல் லைனர்தான்: உள்பக்கம் வழவழப்பு, வெளிப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும்.

அளவெடுத்தல், சுத்தம், புகைச் சோதனை

புகைபோக்கி துடைப்பவரை அழைத்து முழுதும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய தார் லைனருக்கு வெளியே தங்கிவிட்டால் பிறகு எந்தத் துடைப்பமும் அங்கே போகாது. காகங்கள் கட்டிய கூடு கூடை கூடையாக வருவது இங்கே சாதாரணம். துடைத்த பிறகு புகைக் குளிகை கொளுத்தி, மேல் வாயை மூடி, மாடி அறைகளிலும் முடிந்தால் பக்கத்து வீட்டிலும் புகை கசிகிறதா என்று பாருங்கள். அண்டை வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நலம்.

நீளத்துக்குக் கயிற்றில் எடை கட்டி மேலிருந்து இறக்கி அளந்து, அதோடு ஒரு மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே உள்ள சுடுமண் குழாயின் உட்புற விட்டத்தையும் அளக்க மறக்காதீர்கள். பல குழாய்கள் நுனியில் குறுகும். 150 லைனரின் வெளிவிட்டம் 150ஐவிடச் சில மில்லிமீட்டர் அதிகம்.

வளைவு: வேலையே இங்கேதான்

மாடியிலும் கணப்பு இருந்த வீடுகளில், கீழ்த்தளத்துப் புகைப்பாதை நேராக மேலே போகாது. மாடிக் கணப்புக்கு இடம் விட்டு ஒரு பக்கம் சாயும், பிறகு மறுபடி நிமிரும். ஆக இரண்டு வளைவுகள். லைனர் வளையும் என்று பெட்டியில் எழுதியிருக்கும், வளையும்தான். ஆனால் மேலே நின்று தள்ளுபவருக்கும் கீழே கயிறு இழுப்பவருக்கும் நடுவில், யாருக்கும் தெரியாத இருட்டில் அது வளைய வேண்டும்.

லைனர் வாங்கும் முன்பே அதே விட்டத்தில் ஒரு மீட்டர் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில கடைகளில் வெட்டிய மிச்சமாகக் கிடைக்கும். இரு முனையிலும் கயிறு கட்டி, மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பாருங்கள். சிக்கும் இடம் தெரிந்தால் கயிற்றில் அடையாளம் வைத்து ஆழத்தை அளந்துவிடலாம்.

எங்கள் வீட்டில் அந்தத் துண்டு இரண்டாவது வளைவில் நின்றுவிட்டது. துடைப்பவரின் கம்பியில் சிறு கேமராவைக் கட்டிப் பார்த்தபோது, செங்கல் இடுக்கிலிருந்து பிதுங்கி இறுகிப்போன சாந்துக் கட்டி ஒன்று பாதையின் பாதிவரை நீட்டிக்கொண்டிருந்தது. படுக்கையறைப் பக்கம் சுவரில் நான்கு செங்கற்களை எடுத்து, உளியால் அதைச் செதுக்கிய பிறகே வழி கிடைத்தது. செங்கல்லை எடுப்பது பயப்படும்படியான வேலை அல்ல. பூச்சைத் திரும்பப் பூசிச் சாயம் அடிப்பதுதான் நேரம் பிடிக்கும். அந்தத் துளையை உடனே அடைக்காதீர்கள்: லைனர் இறங்கும்போது அங்கே ஒருவர் நின்று கையால் வழிகாட்டினால் வேலை பாதியாகிறது.

இனி லைனரையே எடுப்போம். அதன் மேல் அம்புக்குறி இருக்கும். புகை போகும் திசையில், அதாவது வானத்தை நோக்கி அம்பு இருக்க வேண்டும். லைனர் என்பது நீண்ட எஃகு நாடாவைச் சுருட்டி ஒன்றோடொன்று கோத்தது. உள்ளே ஒவ்வொரு சுற்றும், ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவதுபோல் அடுத்ததன் மேல் படிகிறது. சரியான திசையில் இருந்தால் தாரும் நீரும் வழுக்கிக் கீழே வரும். தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு மடிப்பிலும் அமில நீர் தேங்கும், துடைப்பத்தின் முடியும் சிக்கும். சிக்கல் என்னவென்றால், சுருளைப் பிரித்துக் கூரைக்கு ஏற்றுவதற்குள் எந்த முனை எது என்று குழம்பிவிடும். புல்வெளியில் கிடக்கும்போதே மேல் முனையில் சிவப்பு நாடா சுற்றிவிடுங்கள்.

சுருளாக வந்த லைனருக்கு வளைவின் நினைவு இருக்கும். அதை முழுக்க நிமிர்த்தப் போராட வேண்டாம். புகைப்பாதை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே லைனரின் வளைவும் பார்க்கும்படி இறக்கினால் அது தானாகவே வழி கண்டுகொள்ளும். கீழ் முனையில் கூம்பு மூக்கைப் பொருத்திக் கயிறு கட்டுங்கள். கீழே இருப்பவர் கயிற்றை இறுக்கமாக வைத்திருந்தால் போதும். பலமாக இழுக்கக் கூடாது, மேலே இருப்பவர் முறுக்கவும் கூடாது. இரண்டுமே மடிப்பைப் பிரித்துவிடும். இருவரும் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துப் பேசிக்கொண்டே செய்யுங்கள். கூரையில் நிற்பவர் சாரத்தின் மேல் நிற்க வேண்டும். ஏணியில் தொங்கிக்கொண்டு இதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

மேலும் கீழும் பொருத்துதல்

மேலே, லைனரைப் பிடித்துத் தொங்கவிடும் கவ்வியும் மழை மூடியும் சேர்ந்த 'கவ்ல்' என்ற தொப்பியை வாங்குங்கள். பறவை வராதபடி வலை இருக்க வேண்டும். மிக நுண்ணிய கண் உள்ள வலை தாரில் அடைத்துக்கொள்ளும் என்பதால் எனக்குப் பிடிக்காது.

கீழே, கணப்பின் வாயை மூடும் ரெஜிஸ்டர் தகட்டின் வழியாக ஸ்டவ்வின் குழாய் ஏறி, ஓர் இணைப்பான் மூலம் லைனரைச் சேரும். தீ தாங்கும் சிமெண்ட் பூசி, ஸ்டெயின்லெஸ் திருகாணிகளும் போடுங்கள். வெறும் சிமெண்டை நம்ப வேண்டாம், சூடேறி ஆறும்போது வெடிக்கும். ஸ்டவ்வின் குழாய்களில் அகன்ற வாய் எப்போதும் மேல்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் வழியும் தார் குழாய்க்குள்ளேயே இறங்கும்.

சுற்றிலும் நிரப்புதல்

லைனரைச் சுற்றி வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளைக் கொட்டினால் புகை சூடு குறையாமல் ஏறும், தாரும் குறையும். வெளிச்சுவரில் அமைந்த புகைபோக்கிக்கு இது மிகவும் உதவும். ஒன்பது அங்குலச் சதுரப் பாதை, 150 லைனர், எட்டு மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். 100 லிட்டர் பைகள் மூன்று. கொட்டக் கொட்ட மட்டம் ஏறாவிட்டால் நிறுத்துங்கள். அது எங்கோ ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக் கணப்பில் குவிந்துகொண்டிருக்கலாம்.

மேலே மழைநீர் புகும் நிலையில் உள்ள புகைபோக்கிக்கு வெர்மிகுலைட் வேண்டாம், நனைந்தால் கூழாகிவிடும். அங்கே லைனரின் மேல் சுற்றும் காப்புப் போர்வையே நல்லது.

கொளுத்தும் முன்

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அதே அறையில், ஸ்டவ்விலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அறையின் உட்கூரையில் என்றால் எந்தச் சுவரிலிருந்தும் குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளி. இதைத் தவிர்க்க எந்தச் சாக்கும் இல்லை. ஸ்டவ் 5 கிலோவாட்டுக்கு மேல் என்றால் பழைய வீடுகளிலும் அந்த அறைக்கு நிரந்தரக் காற்றுத் துளை தேவை. கூடுதலான ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர். லைனரின் விவரம் எழுதிய அறிவிப்புத் தகட்டை மின்மீட்டர் போன்ற கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். முதல் சில நாட்கள் சிறு தீ மட்டும். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்பக்கத்தில் கருவியைக் குத்திப் பார்க்க வேண்டும், வெளிப்பட்டையில் அல்ல.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், வாங்கிய வீட்டிலேயே பழைய லைனர் இருப்பதாகவும் புதிய ஸ்டவ்வை அதிலேயே இணைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அண்மையில் போட்டது என்பதற்கு ஆதாரமும், நல்ல நிலையில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதும், இரண்டும் இருந்தால் மட்டுமே. இல்லையென்றால் ஸ்டவ் மாறும்போது லைனரும் மாற வேண்டும்.

இன்னொருவருக்குக் கம்பித் துடைப்பம் பற்றிச் சந்தேகம். லைனருக்குள் அது வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் முடி உள்ள துடைப்பம்தான். ஆண்டுக்கு ஒரு முறையாவது, விறகு நிறைய எரித்தால் இரு முறை துடைக்க வேண்டும். சான்றிதழைக் கோப்பில் வையுங்கள், காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம்.

ஸ்கார்பரோவிலிருந்து எழுதியவருக்கு: மேலே சொன்ன விதிகள் கனடாவுக்குப் பொருந்தாது. அங்கே யு.எல்.சி. தரச் சான்று பெற்ற லைனரைப் பாருங்கள். வேலை முடிந்ததும், விறகு ஸ்டவ் வேலைகளுக்கான வெட் (WETT) சான்றிதழ் உள்ள ஆய்வாளரை அழையுங்கள். அம்புக்குறி மட்டும் எந்த நாட்டிலும் மேல்நோக்கித்தான்.