பத்தாயிரமா, பதினோராயிரமா? விமானம் மேலேறும்போது காக்பிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். அதனால் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இங்கிருந்து போவது ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்கள். பயணம் குறுகியது என்பதால் காக்பிட்டில் வேலை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. சக்கரம், ஃப்ளாப், செக்லிஸ்ட், சென்னையில் வான்போக்குவரத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலருடன் பேச்சு, ஐப்பசி கார்த்திகையில் மேகத்தைச் சுற்றிப் போக வழி, நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய புறப்பாட்டு நேரம் என்று எல்லாமே மேலேறும் அந்தச் சில நிமிடங்களில் நெருக்கியடித்து வரும். அனுமதி தந்த உயரத்தில் நிற்காமல் விமானம் தாண்டிவிட்டால், விமானி அரட்டையில் இருந்திருப்பார், கைபேசியை நோண்டியிருப்பார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் கவனத்தைப் பறிப்பது செய்தே ஆக வேண்டிய வேலைதான். அதைச் செய்யும் நேரம்தான் தப்பு.

மேலும் கீழுமாகப் பறக்கும் விமானங்களுக்கு நடுவே விடும் இடைவெளி பொதுவாக 1,000 அடி. அனுமதி தந்த உயரத்திலிருந்து 300 அடி விலகினாலே ‘லெவல் பஸ்ட்’ என்று பதிவாகும். நிமிடத்துக்கு 2,000 அடி வேகத்தில் ஏறும் விமானத்துக்கு 300 அடி என்பது ஒன்பது வினாடி. படிவத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்வதற்குள் முடிந்துவிடும். ஆகவே கடைசி 1,000 அடியில் படிவம், நிறுவன ரேடியோ, கேபின் குழுவுடன் பேச்சு எதுவும் வேண்டாம். “ஒன் தௌசண்ட் டு கோ” என்று ஒருவர் சொன்னதும் இருவர் கண்ணும் உயரத்தில் இருக்க வேண்டும். ஏறும் வேகத்தையும் நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் குறைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மேலே சரியாகப் பறந்துகொண்டிருக்கும் இன்னொரு விமானத்தில் மோதல் எச்சரிக்கை அலறும்.

1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் விமானம் ஒன்று தரையிறங்கும்போது விழுந்தது. விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டே வந்திருந்தார்கள். அதன்பின் 1981-இல் வந்ததுதான் 10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சும் வேலையும் கூடாது என்ற விதி. நல்ல விதிதான். ஆனால் 10,000-ஐத் தாண்டியதும் ‘அப்பாடா’ என்று சாய்ந்துவிடும் பழக்கத்தையும் அது சேர்த்தே கொண்டுவந்ததோ என்று எனக்குத் தோன்றும். 17,000-இல் நிற்க வேண்டிய விமானத்துக்கும் அதே ஒன்பது வினாடிதான்.

காதில் விழுவதிலும் வழுக்கல் உண்டு. ‘ஒன் ஸீரோ ஸீரோ’வும் ‘ஒன் ஒன் ஸீரோ’வும் ரேடியோ இரைச்சலில் குழம்புவதில் பேர்போன ஜோடி: ஒன்று 10,000 அடி, மற்றது 11,000. ஒருவர் வானிலைத் தகவல் கேட்க வேறு அலைவரிசைக்குப் போயிருந்தால் சரிபார்க்க இரண்டாவது காது இல்லை. போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். சந்தேகம் என்றால் கன்ட்ரோலரிடம் மறுபடி கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே 14,000 அடிக்கு ஏறிய சவுதி விமானமும், 15,000-இல் நிற்க வேண்டிய கசாக் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கசாக் விமானம் தனக்குத் தந்த உயரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அதில் கன்ட்ரோலரிடம் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர், ஓட்டியவர்கள் வேறு ஆட்கள்.

நம் கடற்கரைக்குப் பொருத்தமான ஒன்று ஆல்டிமீட்டர், அதாவது காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி. தரையில் இருக்கும்போது அதில் உள்ளூர்க் காற்றழுத்தத்தை வைப்பார்கள். குறிப்பிட்ட உயரம் தாண்டியதும் எல்லா விமானங்களும் 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்றியாக வேண்டும். ஃபெஞ்சல் கரை கடந்த 2024 நவம்பர் 30 மாதிரியான நாளை விடுங்கள், அந்தக் காற்றிலும் மழையிலும் யார் கிளம்புவார்கள்? ஆனால் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நிற்கும் சாதாரண மழைநாளில் அழுத்தம் 1003 என்று வையுங்கள். மாற்றவேண்டிய கணத்தில் மேகத்தைப் பற்றிக் கேள்வி வருகிறது, கை நின்றுவிடுகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குக் கிட்டத்தட்ட 28 அடி வீதம் விமானம் 280 அடி கூடுதலாக ஏறி நிற்கும். கருவி மட்டும் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்! தடைபட்ட செக்லிஸ்டை நடுவிலிருந்து தொடராமல் முதலிலிருந்து படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும் என்பதும் பாதி உண்மைதான். பல விமானங்களில், உயரத்தைப் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் உயரக் குமிழைத் திருகினால் பிடி விட்டுப்போகும், விமானம் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். புது உயரம் வைத்ததும் இருவரும் அந்த எண்ணை விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்வது, அப்புறம் திரையில் எந்த மோடு ஓடுகிறது என்று படிப்பது, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

எல்லாம் மீறி உயரம் தப்பிவிட்டால் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளப் பார்க்கக் கூடாது. கன்ட்ரோலரிடம் உடனே சொல்ல வேண்டும். மோதல் தவிர்ப்புக் கருவி ‘ஏறு’ என்றோ ‘இறங்கு’ என்றோ கட்டளையிட்டால், கன்ட்ரோலர் எதிராகச் சொன்னாலும் கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். தரையிறங்கியபின் எழுதித் தரும் அறிக்கையில் உயரத்தோடு, அந்த நிமிடத்தில் கையில் என்ன வேலை இருந்தது என்பதையும் எழுதலாம்.