அறைகளைப் பிரிக்கும் முன் நடந்து பாருங்கள்: சமூகக் கலைக்கூடம் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூகக் கலைக்கூடத்துக்கு இடம் கிடைத்ததும் முதல் கூட்டத்திலேயே யாராவது தாளை விரித்துக் கட்டம் போடத் தொடங்கிவிடுவார்கள். இது நடனத்துக்கு, இது மண்பாண்டத்துக்கு, இது ஓவியத்துக்கு. சிக்கலின் வேர் அங்கேதான். அறைகளைப் பங்கு போட்டுவிடுகிறோம்; ஆளும் பொருளும் எந்த வழியாகப் போய்வரும் என்று பார்ப்பதில்லை.

நான் கொஞ்ச காலம் உதவிய ஓரிடத்தில் களிமண் கழுவும் தொட்டி நடைவழியின் மறுகோடியில் இருந்தது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மண் சொட்டும் கையோடு நடைவழியைக் கடப்பார்கள். எதிரே நடன மாணவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். சாயங்காலத்துக்குள் நடன அறைத் தரையில் வெளிறிய பாதத் தடங்கள். இது சுத்தம் பற்றிய கவலை மட்டுமல்ல. காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா என்ற கனிமத்தின் நுண்ணிய துகள்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். அதனால்தான் மண் அறையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தொட்டி அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும். வண்டல் தங்குவதற்கு அதன் அடியில் ஒரு பெட்டியும் வேண்டும், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். சூளை 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதற்குத் தனி அறையும் புகை வெளியேற வழியும் கட்டாயம்.

சுவர் எழுப்பும் முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 2 மீட்டர் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து ஓவிய அறை வரை நடந்து பாருங்கள். எந்தத் திருப்பத்தில் முட்டுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

தாளக் கருவி அறைக்கும் கதை சொல்லும் அறைக்கும் நடுவே தடித்த சுவர் இருந்தால் போதும் என்று நம்புவது இன்னொரு தவறு. கதவடி இடுக்கு வழியே சத்தம் தாராளமாக வரும். இரண்டுக்கும் நடுவே சாமான் அறையை வையுங்கள். சாமான் அறையே வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஈர ஓவியங்கள் எங்கே காயும் என்று அவர்களைக் கேளுங்கள்.

கையிலுள்ள நிலம் முழுவதையும் கட்டடமாக்கிவிடாதீர்கள். பாரிஸில் 1977இல் திறந்த பாம்பிடூ கலை மையத்தை வடிவமைத்த ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் நிலத்தில் ஏறக்குறையப் பாதியைத் திறந்த சதுக்கமாகவே விட்டார்கள். வகுப்புக்குச் சேராதவரும் வந்து நின்று வேடிக்கை பார்க்க அப்படி ஓரிடம் வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது சாய்தளத்தைக் கடைசியில் யோசிப்பது. 1க்கு 12 என்ற சரிவில், அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் என்ற கணக்கில், 45 சென்டிமீட்டர் உயரம் ஏற 5.4 மீட்டர் நீளம் தேவை. சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் அகலமும் வேண்டும். படிக்கட்டு கட்டி முடித்தபின் முன்வாசலில் அவ்வளவு இடம் மிஞ்சாது. சாய்தளம் பின்பக்கம், குப்பைத்தொட்டி ஓரமாகப் போய்விடும். முன்வாசலுக்கு முதல் கோடு போடும்போதே அந்த 5.4 மீட்டரையும் சேர்த்து வரையுங்கள்.